பேருந்தில் வந்த தீர்ப்பாயம்

எழுபதுகளின் பிற்பகுதியில் ஓராண்டுக் காலம் நான் ஒரு தீர்ப்பாயமாக இருந்தேன். தீர்ப்பாயத்தின் உறுப்பினராக இருந்தேன் என்று சொல்வதுதான் முறை. ஆனால் தலைவர் பதவி காலி. இன்னோர் உறுப்பினர் பதவியும் காலி. மிச்சம் இருந்தது நான்தான். ஒருவர் இருந்தாலும் அமர்வு செல்லும் என்று விதிகளில் ஒரு வரி இருந்தது. அந்த வரியின் மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

நிலத்துக்காரருக்கும் அதைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவருக்கும் இடையே, கொடுக்க வேண்டிய பங்கு எவ்வளவு என்பதில் தகராறு வந்தால், நியாயமான குத்தகையை நிர்ணயிப்பது எங்கள் வேலை. தகராறுகள் முழுநேரமும் நடந்தன. தீர்ப்பாயம் மட்டும் பகுதிநேரம். செவ்வாயும் வியாழனும் கூடும். மற்ற நாட்களில் நியாயம் விடுப்பில் இருக்கும்.

அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. எங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் கறுப்புக் கோட்டு மாட்டிய ஒரே பெண். கட்சிக்காரர்கள் என்னைப் பார்த்ததும், "வக்கீலு இல்லீங்களா அம்மிணி?" என்று என்னிடமே கேட்டுவிட்டுப் போவார்கள். பகுதிநேர உறுப்பினர் பதவிக்குப் பெயர் அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தபோது, மூத்த வக்கீல்கள் அதை ஒருவருக்கொருவர் வெற்றிலைத் தட்டு மாதிரி நகர்த்திக்கொண்டார்கள். யாரும் எடுக்கவில்லை. காரணம், அதில் ஒரு நிபந்தனை இருந்தது. பதவியில் இருக்கும் வரை எந்தக் குத்தகை வழக்கிலும் எந்தத் தரப்புக்கும் ஆஜராகக் கூடாது. எங்கள் பக்கத்தில் அதை ஒப்புக்கொள்ளும் வக்கீல் அரைப்பட்டினிக்குத் துணிந்தவராக இருக்க வேண்டும். நான் ஏற்கெனவே அரைப்பட்டினி. ஆகவே தகுதி பெற்றேன்.

தகுதி பெற்றால் மட்டும் போதாது. என் நன்னடத்தையை விசாரிக்க ஒரு காவலர் சைக்கிளில் வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நாசூக்காக ஆரம்பித்தார்.

"ஏனுங்கம்மிணி, உங்க மேல கேசு கீசு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"என் மேலயும் இல்ல, என் கையிலயும் இல்லீங்க."

"அப்ப நல்லவங்கதான்" என்று எழுதிக்கொண்டு போனார்.

அடுத்து உடல்தகுதிச் சான்று. அரசு மருத்துவர் என் உயரத்தை அளந்தார், எடையைப் பார்த்தார், எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். என்ன வேலை என்று கேட்டார். உட்கார்ந்திருக்கிற வேலை என்றேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அரசாங்கத்தில் நான் பார்த்த தேர்வுகளிலேயே வேலைக்குப் பொருத்தமான தேர்வு அதுதான்.

கடைசியில் ஆணை வந்தது. "ஓராண்டுக்கு, அல்லது மறு உத்தரவு வரும் வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை." இந்த வாசகத்தை எழுதிய கை யாருடையது என்று தெரியாது. ஓர் ஆளை வேலைக்கு வைக்கும்போதே வெளியே போகும் கதவையும் திறந்து வைக்கத் தெரிந்த கை.

இனி சம்பளம். சம்பளம் என்று சொன்னால் கருவூலத்தில் கோபித்துக்கொள்வார்கள். அது மதிப்பூதியம். மாதத்துக்கு இவ்வளவு என்று கிடையாது, அமர்வுக்கு இவ்வளவு. அந்த அமர்வில் ஒரு வழக்காவது கூப்பிடப்பட்டிருக்க வேண்டும். கூப்பிட்டால் போதும். விசாரிக்க வேண்டும் என்றோ முடிக்க வேண்டும் என்றோ எந்த விதியும் சொல்லவில்லை. விதியை எழுதியவர்கள் நல்லவர்கள், மனித இயல்பின் மேல் நம்பிக்கை வைத்திருந்தார்கள். மனித இயல்பும் அந்த நம்பிக்கையை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது.

தீர்ப்பாயம் கூடியது வருவாய்த்துறைக் கட்டடம் ஒன்றின் பின்கூடத்தில். மதுவிலக்குக் காலம். பறிமுதல் செய்த சாராயக் கேன்களை அங்கேதான் அடுக்கியிருந்தார்கள். வாரத்தில் இரண்டு நாள் எனக்கு உதவ அந்த அலுவலகத்திலிருந்தே ஓர் எழுத்தரை அனுப்பியிருந்தார்கள். ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், எதற்கும் அவசரப்படாதவர். முதல் நாளே இரண்டு வழக்குகளை விசாரித்து முடித்தேன். வழக்குக் கட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கவலையோடு பார்த்தார்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. இப்பிடி ஒரே நாள்ல ரெண்டு ரெண்டா முடிச்சீங்கன்னா, ஐப்பசிக்கு மேல கூப்புடறதுக்குக் கேசு இருக்காதுங்க."

"முடிக்கத்தானே வெச்சிருக்காங்க?"

"அதுக்கில்லீங்க. இதுக்கு முந்தி இருந்த ஐயா ஒரு கேசை முடிச்சு நான் பாத்ததில்லீங்க. வருவாரு, கூப்புடுவாரு, வாய்தா போடுவாரு, கையெழுத்துப் போடுவாரு. கறக்குற மாட்டை யாராச்சும் சந்தைக்கு ஓட்டுவாங்களா?"

வழக்கு தள்ளிப்போகிற ஒவ்வொரு வாய்தாவுக்கும் உறுப்பினருக்கு ஓர் அமர்வுப் படி. நீதியைத் தாமதப்படுத்துகிறவருக்கு மதிப்பூதியம், சீக்கிரம் முடிக்கிறவருக்குப் பட்டினி. யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. இரண்டு விதிகள் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்ததில் பிறந்த குழந்தை.

பயணப்படி இன்னும் அழகு. நிலத்தை நேரில் பார்க்கப் போக வேண்டியிருக்கும். போக்குவரத்துச் செலவுக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது: பயணப்படி அலுவலரின் தரத்தைப் பொறுத்தது. பகுதிநேர உறுப்பினருக்குத் தரம் எதுவும் நிர்ணயிக்கப்படவில்லை. ஆகவே பேருந்துக் கட்டணம் அனுமதிக்க இயலாது. தரமில்லாதவள் என்று அரசு முத்திரையோடு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"அப்ப முந்தி இருந்த ஐயா எப்படிப் போவார்?"

"நெலத்துக்காரங்க காரு அனுப்புவாங்க. அங்க போயி எறங்குனா எலை போட்டிருப்பாங்க. கொண்டாந்து உடறப்ப டிக்கியில வாழைத்தார் இருக்கும்" என்றார் எழுத்தர். "குத்தகைக்காரனுக்கு ஏதுங்க காரு?"

நான் பேருந்தில் போவது என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு முறையும் டிக்கெட்டை ஒட்டிப் பட்டியல் அனுப்புவது என்றும் முடிவு செய்தேன். கிடைக்காது என்று தெரியும். ஆனால் இல்லை என்று சொல்கிறவர்கள் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து இல்லை என்று எழுதட்டுமே. அதுவும் ஒரு வேலைதானே. ஒவ்வொரு பட்டியலுக்கும் அதே வரிகளில், தேதியும் ஊரும் மட்டும் மாற்றி, மறுப்பு வரும். நானும் அவற்றைக் கோப்பில் வைத்துக்கொண்டே வந்தேன்.

அந்த ஆண்டின் கோடையில் ஒரு வழக்கு வந்தது. மல்லசமுத்திரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூர். நிலத்துக்காரர் ஊரை விட்டு வந்து, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வாங்கி, நன்றாகவே முன்னுக்கு வந்தவர். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அவருடைய தங்கை முறையுள்ள பெண்ணின் கணவர். நிலத்துக்காரர் அவரை "மாப்ள" என்பார். இவர் "மச்சான்" என்பார். தீர்ப்பாயத்தின் முன்னாலும் அப்படியே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

தகராறு கிணற்றைப் பற்றியது. கிணற்றுப் பாசனம் உள்ள நிலத்துக்குக் குத்தகைப் பங்கு கூடுதல், மழையை நம்பிய மானாவாரிக்குக் குறைவு. குத்தகைக்கு எடுத்தபோது கிணற்றில் தண்ணீர் இருந்தது. பிறகு நிலத்துக்காரர் பக்கத்திலிருந்த தன் தோட்டத்தில் தன் ரிக்கைக் கொண்டே ஆழமாக ஒரு துளை போட்டுத் தண்ணீர் இறைக்கக் கம்ப்ரசர் வைத்தார். அது ஓட ஓட, இந்தப் பக்கம் கிணறு வறண்டது. குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளி கருகியது. ஆனால் கேட்ட குத்தகை பழைய பாசனக் குத்தகை. உழுதவரால் கொடுக்க முடியவில்லை; குத்தகையைக் குறைக்கச் சொல்லி எங்களிடம் மனுப் போட்டார். பாக்கிக்காக நிலத்தை விட்டு வெளியேற்ற வேண்டும் என்று நிலத்துக்காரர் வேறொரு மனுவும் போட்டிருந்தார். மானாவாரிக் குத்தகை என்று தீர்ப்பானால் பாக்கியே இல்லை, அந்தக் குடும்பம் அங்கேயே உழும். இல்லையென்றால் தறிக்கூடத்துக்கோ லாரிப் பட்டறைக்கோ போக வேண்டியதுதான்.

ஆகவே கிணற்றைப் பார்க்க வேண்டும். அதுவும் மழைக்கு முன்னால் பார்க்க வேண்டும். மழை பெய்து கிணறு நிறைந்துவிட்டால் அப்புறம் எந்தத் தீர்ப்பாயம் எட்டிப் பார்த்தாலும் தண்ணீர்தான் தெரியும். இது எனக்குத் தெரிந்த மாதிரியே நிலத்துக்காரரின் வக்கீலுக்கும் தெரியும். அவர் எங்கள் வளாகத்தில் மூத்தவர். நான் புதிதாக வந்த காலத்தில் என்னைக் கட்சிக்காரர்களுக்குக் காபி வாங்கிவரச் சொன்னவர். முதல் வாய்தாவில் கட்சிக்காரர் ரிக்கோடு ஆந்திரா போயிருக்கிறார் என்றார். அடுத்ததில் வீட்டில் காதுகுத்து என்றார். மூன்றாவதில் எழுந்து, "ஆடி கழியட்டும், மேடம். உங்களுக்கும் அமர்வு ஆச்சு, எங்களுக்கும் சௌகரியம்" என்றார், சிரித்துக்கொண்டே.

"எனக்குச் சௌகரியம் வேண்டாம், சார். அடுத்த வியாழன் நேரில் பார்வையிடுகிறேன்" என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கத்துக்கு மும்முனை மின்சாரம் பகலில் எந்த நேரத்தில் வருகிறது என்பதை லைன்மேனிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். மோட்டார் ஓடாத நேரத்தில் போய்க் கிணற்றைப் பார்ப்பது பேசாத சாட்சியை விசாரிப்பது மாதிரி.

வியாழக்கிழமை எழுத்தரும் நானும் நகரப் பேருந்தில் போய் இறங்கினோம். நிறுத்தத்தில் வெள்ளை அம்பாசிடர் ஒன்று கழுவித் துடைத்து நின்றது. அதன் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவர் நிலத்துக்காரர் அல்ல. குத்தகைக்காரர். சலவைச் சட்டை, புதுத் துண்டு, முகமெல்லாம் பெருமை.

"வாங்க அம்மிணி, ஏறுங்க. நல்ல வெய்யிலு."

"இது யார் கார்?"

"மச்சானுதுங்க. நேத்துப் பொழுதோட போயி நாந்தான் கேட்டு வாங்கியாந்தனுங்க. அம்மிணி பஸ்ஸுல வாராங்கன்னு எழுத்தரய்யா சொன்னாரு. எனக்கு மனசு கேக்குலீங்க. தீர்ப்பு சொல்றவங்க இந்த வெய்யில்ல நடந்து வந்தா ஊர்ல எங்களத்தானுங்க பேசுவாங்க."

தன்னை நிலத்தை விட்டுத் துரத்த நினைப்பவரின் வாசலுக்குப் போய், தன் வழக்கைப் பார்க்க வருகிறவளுக்கு அவருடைய காரையே இரவல் கேட்டிருக்கிறார். விருந்தாளியை நடக்க விடக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் வழக்கு, தீர்ப்பு எல்லாவற்றையும்விடப் பழைய சட்டம். கேட்டவுடன் நிலத்துக்காரர் எவ்வளவு சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன்.

"நான் இதில் ஏற முடியாது. நடந்து வருகிறேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "என்னுங்க சாமி, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனா?"

"தப்பு இல்லை. முறை இல்லை."

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குப் புரியவில்லை. நான் நடக்க ஆரம்பித்தேன். எழுத்தர் குடையை விரித்துக்கொண்டு பின்னால் வந்தார். குத்தகைக்காரர் கைகளைப் பிசைந்துகொண்டு அவருக்குப் பின்னால் வந்தார். காரைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லி டிரைவருக்கு யாரும் உத்தரவிடவில்லை. அவரும் எங்கள் நடைக்குத் தகுந்த வேகத்தில் ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். இந்த ஊர்வலம் ஊருக்குள் நுழைந்தபோது, தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் குடங்களை அப்படியே போட்டுவிட்டு வந்தார்கள். டீக்கடைப் பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்து அக்கறையோடு விசாரித்தார்.

"ஏனுங்கம்மிணி, வண்டி நின்னுபோச்சுங்களா? தள்ளியுட ஆளு வேணுங்களா?"

"ஓடுது பெரியவரே."

"ஓடுற வண்டிய உட்டுப்போட்டு ஏனுங்க நடக்கறீங்க?"

இதற்கு விதிகளில் பதில் இருக்கிறது. டீக்கடை முன்னால் சொல்லக்கூடிய பதில் இல்லை.

கிணற்று மேட்டில் நிலத்துக்காரரும் அவர் வக்கீலும் வேறு வழியில் வந்து காத்திருந்தார்கள். நிலத்துக்காரர் கைகூப்பாமல் பேசவே மாட்டார். "காரு அனுப்பியும் நடந்து வந்திருக்கீங்களேம்மா" என்று வருந்தினார். நான் குத்தகைக்காரரிடம் போன வருடம் விளைச்சல் எப்படி என்று கேட்டேன். சுற்றிலும் ஊரார் நின்றார்கள். அவர் நிலத்தைப் பார்த்தார், ஊராரைப் பார்த்தார், நெஞ்சை நிமிர்த்தினார்.

"நல்லாத்தானுங்க வெளைஞ்சுது. பூமித்தாயி என்னைக்கும் கையை உட்டதில்லீங்க."

மூத்த வக்கீல் ஆனந்தமாகத் தலையாட்டினார். அந்த நேரத்தில் வரப்பிலிருந்து ஒரு பெண்குரல் பாய்ந்தது. குத்தகைக்காரரின் மனைவி.

"அம்மிணி, அந்த மனுசம் பேச்சை எழுதாதீங்க! வெளைஞ்சுதாமா, வெளைஞ்சுது! எங்கிட்டப் பாதிக் கெழங்குகூடத் தேறுலீன்னு அழுதாரு. நாலு பேரு முன்னால காடு வெளையுலீன்னு சொன்னா இவருக்கு மீசை எறங்கிப்போகும்."

"அடக் கொஞ்சம் சும்மா இருக்க மாட்டயா?"

"நான் சும்மா இருந்தா காடு போயிரும், மீசை மட்டும் இருக்கும். வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

ஊரார் சிரித்தார்கள். நான் இருவர் சொன்னதையும் எழுதிக்கொண்டேன். பிறகு கிணற்று மோட்டாரைப் போடச் சொன்னேன். தண்ணீர் வந்தது. குறைவில்லாமல் வந்தது. நிலத்துக்காரரின் முகத்தில் வருத்தம் கலந்த ஒரு புன்னகை. "பாருங்கம்மா. நான் பொய் சொல்ற ஆளில்லீங்க."

"அண்ணா!" என்றாள் அந்தப் பெண், தன் அண்ணன் முறைக்காரரைப் பார்த்து. "நாலஞ்சு நாளா உங்க கம்ப்ரசர் சத்தம் கேக்காம எங்களுக்குத் தூக்கமே வல்லீங்கண்ணா. எதுக்கு நிறுத்தி வெச்சிருக்கீங்க? கெணத்துல ஊத்து ஊறட்டும்னுங்களா?"

பக்கத்துத் தோட்டத்தில் கம்ப்ரசர் அமைதியாக உட்கார்ந்திருந்தது. அதையும் ஓட்டிக் காட்டச் சொன்னேன். மூத்த வக்கீல் முன்னால் வந்தார்.

"அது வேறு சர்வே எண், மேடம். இந்த வழக்கில் இல்லை. உங்களுக்கு அதிகாரம் கிடையாது."

"சரிதான், சார். ஓட்டச் சொல்லி நான் உத்தரவிட முடியாது. ஓட்டிக் காட்ட நிலத்துக்காரர் மறுத்துவிட்டார் என்று எழுத முடியும். மறுத்ததற்கு நான் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம் என்பது உங்களுக்கே தெரியும். எழுதட்டுமா?"

இருவரும் தனியே போய்ப் பேசினார்கள். கம்ப்ரசர் ஓடியது. நாங்கள் வெய்யிலில் காத்திருந்தோம். கிணற்று மோட்டார்க் குழாயில் தண்ணீர் மெலிந்து, நூலாகி, கடைசியில் இருமல்காரர் மாதிரி இருமிக் காற்றை மட்டும் துப்பியது. கிணற்றின் அடியில் சேறும், என்ன நடந்தது என்று தெரியாத சில தவளைகளும் தெரிந்தன. பார்த்ததைப் பார்த்தபடி எழுதி, உரக்கப் படித்து, இரு தரப்பிலும் கையெழுத்து வாங்கினேன். நிலத்துக்காரர் வக்கீலைப் பார்த்தார். போடாவிட்டால் அதையும் எழுதுவேன் என்று வக்கீலுக்குத் தெரியும். கண்ணைக் காட்டினார். கையெழுத்து விழுந்தது.

கிளம்பும்போது அந்தப் பெண் ஒரு சொம்பு மோரோடு வந்து நின்றாள். நிலத்துக்காரர் வீட்டில் இலை போட்டிருந்ததை அப்போதுதான் மறுத்திருந்தேன். இதையும் மறுத்தேன்.

"அண்ணன் ஊட்டுச் சோறு வேண்டாம், அது நாயம். எங்கூட்டு மோருமா வேண்டாம்? ஒரு வா குடிச்சா தீர்ப்புக் கெட்டுப்போயிருமாக்கும்?"

"வழக்கு முடிகிற வரைக்கும் இரண்டு வீட்டிலும் எதுவும் தொடக் கூடாது, அம்மா."

"நல்ல சட்டம்! தாகத்தோட ஒருத்தர எம்பட வாசல்லயிருந்து திருப்பி அனுப்பற சட்டம்." சொம்பிலிருந்த மோர் முழுவதையும் என் முன்னாலேயே வேப்பங்கன்றுக்கு ஊற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். குத்தகைப் பாக்கியைவிட அது அவளுக்குப் பெரிய அவமானம். நானும் எழுத்தரும் பேருந்து நிறுத்தத்தில் நின்று, நான் கொண்டுபோயிருந்த புளிச்சோற்றைப் பங்கிட்டுக்கொண்டோம்.

இரண்டு வாரம் கழித்து எழுத்தர் கேன்களுக்கிடையில் தயங்கித் தயங்கி வந்தார்.

"உங்க மேல பெட்டிசன் வந்திருக்குதுங்கம்மா."

நிலத்துக்காரர் போட்ட மனு மேலிடத்துக்குப் போய், என் விளக்கம் கேட்டு வந்திருந்தது. குற்றச்சாட்டு ஒன்று: குத்தகைக்காரர் மூலமாக நிலத்துக்காரரிடம் கார் கேட்டு வாங்கிப் பயன்படுத்தினேன். குற்றச்சாட்டு இரண்டு: நிலத்துக்காரர் அனுப்பிய காரில் ஏற மறுத்து, எதிர்த் தரப்போடு ஊர் முழுக்க நடந்து போய்ப் பாரபட்சம் காட்டினேன். ஒரே தாளில் நான் காரில் போயும் இருந்தேன், போகாமலும் இருந்தேன். முதல் குற்றச்சாட்டுக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருந்தவர் சாட்சாத் குத்தகைக்காரரே.

அவர் கூடத்துக்கு வெளியே நின்றிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தார். "அம்மிணிக்காகக் காரு கேட்டயா மாப்ளன்னு மச்சான் கேட்டாருங்க. கேட்டனே, அது நெசந்தானேன்னு போட்டுட்டனுங்க. பொய் ஒண்ணும் சொல்லுலீங்களே?"

இல்லை. அவர் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை, மீசை விஷயத்தைத் தவிர. அவரை நான் திட்டவில்லை. மரியாதையும் உண்மையும் சேர்ந்து ஒரு மனிதனைத் தெருவில் நிறுத்த முடியும் என்று எந்தச் சட்டக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை.

என் ஓராண்டு முடிய இன்னும் சில அமர்வுகளே இருந்தன. நீட்டிப்புக்கான கோப்பு மேலிடத்தில் இருந்தது. எழுத்தர் அங்கிருந்து ஒரு யோசனையைச் சுமந்து வந்தார்.

"அந்த ஒரு கேசை மட்டும் நாலு வாய்தா தள்ளுங்கன்னு சொல்றாங்கம்மா. மனு ஆறிப்போயிரும். நீட்டிப்பும் வந்துரும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் படியும் வந்துரும். யாருக்கும் நஷ்டமில்லீங்களே."

"கிணறு நிறைஞ்சுடும். அப்புறம் மறுபடி வந்து பாருங்கன்னு கேப்பாங்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "வானமும் இருட்டிக்கிட்டுத்தான் வருது" என்றார்.

அன்றே விளக்கம் எழுதினேன். மூன்று வரிதான். நான் பேருந்தில் சென்றேன். அன்றைய பேருந்துக் கட்டணத்தை நான் கேட்டதற்கு, அது அனுமதிக்க இயலாது என்று தங்கள் அலுவலகமே எழுதிய மறுப்பின் நகலை இணைத்துள்ளேன். நான் பேருந்தில் செல்லவில்லை என்றால் தாங்கள் மறுத்தது எதை என்று தெரிவிக்கவும். தரமில்லாதவளின் டிக்கெட் கடைசியில் ஒரு வேலைக்கு உதவியது.

அடுத்த செவ்வாயன்று அந்த வழக்கைத்தான் முதலில் கூப்பிட்டேன். மூத்த வக்கீல் எழுந்தார்.

"உறுப்பினர் மீதே புகார் நிலுவையில் இருக்கிறது. அது முடியும் வரை இந்த வழக்கைத் தாங்கள் தொடக் கூடாது. வாய்தா கேட்கிறேன்."

"தடை ஆணை ஏதாவது வாங்கியிருக்கிறீர்களா?"

"தடை ஆணை இல்லை. ஆனால் மரபு என்று ஒன்று..."

"மரபைப் பார்த்துவிட்டேன், சார். டிக்கியில் வாழைத்தாரோடு போகிற மரபு. ஆணை இல்லையென்றால் உட்காருங்கள்."

சாராயக் கேன்களின் வாசனையோடு, நின்றுகொண்டிருந்த இரு தரப்புக்கும் தீர்ப்பைப் படித்தேன். நிலம் மானாவாரி என்றே கொள்ளத்தக்கது. குத்தகை மனுப் போட்ட நாளிலிருந்து அந்தப் பங்குதான். பாக்கி இல்லை. படித்து முடித்ததும் குத்தகைக்காரர் எனக்குக் கும்பிடு போட்டார். அப்புறம், பழக்க தோஷம், திரும்பி மச்சானுக்கும் ஒரு கும்பிடு போட்டார். நிலத்துக்காரரும் பழக்கத்தில் கைகூப்பிவிட்டார்.

மழை அந்த வாரக் கடைசியில் வந்தது.

எனக்கு நீட்டிப்பு வரவில்லை. நீக்கியதாகவும் ஆணை வரவில்லை. புகார் என்ன ஆயிற்று என்றும் யாரும் எழுதவில்லை. ஓராண்டு முடிந்த நாளில் நாற்காலி காலியாயிற்று, அவ்வளவுதான். கதவு முதல் நாளிலிருந்தே திறந்துதான் இருந்தது. கடைசி மாதப் பட்டியலை மட்டும் கருவூலம் திருப்பி அனுப்பியது. முன்பிருந்த உறுப்பினரோடு ஒப்பிட்டால் அமர்வுகள் குறைவாக உள்ளனவே, காரணம் என்ன என்று கேட்டிருந்தார்கள். வழக்குகள் முடிந்துவிட்டன என்று எழுதினேன். அது ஏற்கத்தக்க காரணமா என்று அவர்கள் யோசிக்க நெடுங்காலம் ஆயிற்று.

நிலத்துக்காரர் மேல்முறையீட்டுக்குப் போனார். அங்கே முழுநேர நீதிபதி. கிணற்று மேட்டில் எழுதிய குறிப்பின் கீழே மேல்முறையீட்டாளரின் கையெழுத்தே இருப்பதைப் பார்த்துவிட்டுத் தள்ளுபடி செய்தார். எனக்கோ பதவியோடு நிபந்தனையும் போயிற்று. குத்தகை வழக்குகளில் ஆஜராகலாம். எனக்குப் பின் வந்த உறுப்பினர் முன்னால் உழுகிறவர்களுக்காக நின்றேன். எதிர்த் தரப்பு வாய்தா கேட்ட ஒவ்வொரு முறையும் எழுந்து எதிர்த்தேன். அந்த உறுப்பினருடைய வருமானத்துக்கு நான் செய்த தீங்கு கொஞ்சமல்ல. பிற்பாடு ஒரு நிறுவனத்தில் சட்ட அலுவலராகி ஓய்வும் பெற்றுவிட்டேன். அங்கே ஒழுங்காக மாதச் சம்பளம் கொடுத்தார்கள். ஆனால் கிணற்றை எட்டிப் பார்க்க யாரும் அனுப்பவில்லை.

மேல்முறையீடு தள்ளுபடியான சில நாளில் ஒரு காலையில் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அந்தப் பெண். கையில் தூக்குப்போசி.

"கெணறு ரொம்பிக் கெடக்குதுங்க அம்மிணி. இப்ப யாரு வந்து பாத்தாலும் தண்ணிதான்" என்றாள், உட்காராமலே. "அவரு கீழ தெருவுல நிக்கறாரு. காரு கேட்ட வெக்கம் இன்னும் போகுல. நீங்க இப்பத் தீர்ப்பு சொல்றவங்க இல்லீங்களாமா?"

"இல்லை."

"எங்க கேசும் முடிஞ்சு போச்சுதுங்களா?"

"முடிஞ்சு போச்சு. ஆனா அவங்க இன்னும் மேல உயர் நீதிமன்றத்துக்குப் போக..."

"அங்கயும் நீங்களா போயி உக்காரப் போறீங்க?" போசியைத் திறந்தாள். மோர், பச்சைமிளகாயும் கொத்தமல்லியும் மிதந்தன. "எந்தச் சட்டம் தடுக்குதுன்னு சொல்லுங்க, பாக்கலாம்."

எனக்குத் தெரிந்த விதிகளையெல்லாம் வரிசையாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. ஜன்னல் வழியாக அவரை மேலே வரச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் படியேறி வருவதற்குள் ஒரு டம்ளரைக் குடித்து முடித்து, இன்னொன்றுக்கு நீட்டிவிட்டேன்.